கச்சான் உடைத்த வகுப்பு: முல்லைத்தீவில் பொறியியல் வடிவமைப்பைக் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பாடசாலைக் கண்காட்சிகளில் வைக்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவை ஒழுங்காக வேலை செய்கின்றன. காற்றாலை சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, தண்ணீர் மேலேறுகிறது. ஆனால் அது யாருக்காகச் செய்யப்பட்டது, வேறு என்னென்ன வழிகளை யோசித்துக் கைவிட்டார்கள், எங்கே உடைந்தது, எப்படித் திருத்தினார்கள் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் மாணவன் மனப்பாடம் செய்த விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்குவான். பிழை அவனுடையதல்ல. புள்ளி கிடைப்பது பொருளுக்கு. பொருளைச் செய்ததோ, பல வேளைகளில், மாமாவின் வெல்டிங் பட்டறை.

அந்தப் புள்ளியைப் பொருளிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்த கதைதான் இது. இடம், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலை. வகுப்பு, தரம் 10. தொழில்நுட்பப் பாட ஆசிரியை நடத்தினார். நான் கூடவே இருந்து குறிப்பெடுத்தேன், சில பாடங்களில் கையும் கொடுத்தேன். பாடசாலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

நமது பாடத்திட்டத்தில் வடிவமைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழில்நுட்பப் பாடம் இருக்கிறது. சாதாரண தரத்தில் நிர்மாணம், பொறிமுறை, மின்–இலத்திரனியல் ஆகிய மூன்று துறைகளிலும் ‘வடிவமைப்பும்’ என்றே பெயர் தொடங்கும் பாடங்கள் உள்ளன. உயர்தரத்தில் 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது; அதே நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு. பாதை போடப்பட்டிருக்கிறது. பாடசாலைக்குள் அந்தப் பாதை ‘படிமுறைகளை எழுதுக’ என்ற வினாவாகச் சுருங்கிவிடுவதுதான் சிக்கல்.

வடிவமைப்பின் படிமுறைகள் ஒன்றும் பரம இரகசியம் அல்ல. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் 2001 இல் பாடசாலைப் பாடத்திட்டத்தில் பொறியியலைச் சேர்த்தபோது எட்டுப் படிகளாக எழுதியது. பொஸ்டன் விஞ்ஞான அருங்காட்சியகம் சிறு பிள்ளைகளுக்காக அதையே ஐந்தாக்கியது: கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து. 2013 இல் வந்த அமெரிக்க விஞ்ஞானக் கல்வி நியமங்கள் மூன்றே செயல்களில் அடக்கிவிட்டன: பிரச்சினையை வரையறுத்தல், தீர்வுகளை வளர்த்தல், சிறந்ததை நோக்கிச் செம்மைப்படுத்தல். எட்டோ ஐந்தோ மூன்றோ, அம்புக்குறி போட்ட வட்டப்படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டால் மாணவர்கள் அதை வரையக் கற்றுக்கொள்வார்கள். வேறொன்றும் நடக்காது. ஆசிரியை அந்தப் படத்தைத் தவணை முடியும் வரை வகுப்பில் காட்டவே இல்லை.

புள்ளித் திட்டத்தைத்தான் முதல் நாளே கரும்பலகையில் எழுதினார். மொத்தம் 100. தேவையை அறிந்து எழுதியதற்கு 25, மாற்று வழிகளும் தெரிவும் 25, சோதனையும் திருத்தமும் 35, செய்து முடித்த பொருளுக்கு 15. எல்லாம் கொப்பியில் இருக்க வேண்டும். கொப்பியில் இல்லாதது நடக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “ரீச்சர், பொருள் வேலை செய்யாவிட்டால்?” “ஏன் வேலை செய்யவில்லை என்று காட்டினால் 85 வரை வாங்கலாம்” என்றார். வகுப்பு அதை நம்பவில்லை. நம்புவதற்கு நெடுநாள் எடுத்தது.

தேவையைத் தேடுதல்

பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும் மாணவர்கள் சொன்னவை பத்திரிகைத் தலைப்புகள்: பூகோள வெப்பமயமாதல், பிளாஸ்டிக், யானை. யானையாவது ஊருக்குள் வருவது. இருந்தாலும் ஒரு தவணையில் தரம் 10 மாணவர் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவில் எதுவும் இல்லை. எனவே வீட்டுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வீட்டில் எதை, எதைக்கொண்டு சமாளித்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும்.

இந்த மாணவர்கள் 2009 இக்குப் பிறகு பிறந்தவர்கள். கொண்டுவந்த விடைகள் அவர்களுக்கே புதினமாக இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலை மிதித்து, டைனமோவில் கேட்ட வானொலிச் செய்தி. பெற்றோலைச் சில துளி விட்டு ஸ்ரார்ட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். ஆசிரியை ஒவ்வொன்றுக்கும் ஒரே மூன்று கேள்விகளைக் கேட்டார்: என்ன தேவை? எது கிடைக்கவில்லை? எதை விட்டுக்கொடுத்தார்கள்? ஜாம் போத்தல் விளக்கு எண்ணெயை மிச்சம் பிடித்தது, வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தது. மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின் புகைத்தது, கெதியாகப் பழுதானது, ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தேவை, எல்லை, விட்டுக்கொடுப்பு என்ற மூன்றும் அன்றே வகுப்பின் பேச்சுமொழிக்குள் வந்துவிட்டன. வன்னியில் பொறியியல் கற்பிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பாடத்தில் இரணைமடு வந்தது. அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் யோசனைக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. யார் சரி என்று வகுப்பு விவாதிக்கத் தொடங்கியபோது ஆசிரியை நிறுத்தினார். அவர் கேட்டது வேறு: ‘தண்ணீர் தேவை’ என்று எழுதினால் போதுமா, யாருக்கு, எந்த மாதத்தில், யாரிடமிருந்து எடுத்து என்றும் எழுத வேண்டுமா? சிறுபோக நெல்லுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஒரே குளம் என்றால், பிரச்சினையை எழுதும் முதல் வாக்கியத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம் என்பது பலருக்குப் புரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகுதான் கச்சான், அதாவது நிலக்கடலை. பிரேரித்தவள் ஒரு மாணவி. அவளுடைய அம்மம்மா விதைக்கச்சான் உடைப்பவர். முல்லைத்தீவின் மேட்டுக்காணிகளில் மாரி மழையோடு கச்சான் போடுவார்கள். அதற்கு முன், கோதுடன் சேமித்து வைத்ததை விதைக்காக உடைக்க வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 40 கிலோ பருப்பு தேவைப்படும். கோதுடன் உள்ள கச்சானின் நிறையில் பருப்பு ஏறத்தாழ 70 சதவீதம் என்பதால், ஓர் ஏக்கருக்கு 57 கிலோ வரை உடைத்தாக வேண்டும். அத்தனையும் பெருவிரலால்.

அம்மம்மா சொன்னது

வகுப்பின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: ‘கச்சானை வேகமாக உடைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தல்.’ இதில் தேவையே இல்லை, தீர்வு மட்டும் இருக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கியிருக்கலாம். ஆசிரியை விளக்கவில்லை. மாணவர்களைக் குழுக்களாக்கி, கச்சான் உடைக்கும் பெண்களிடம் அனுப்பினார். ஒரு நிபந்தனை: முதலில் பக்கத்தில் இருந்து அரை மணி நேரம் தாங்களும் உடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேள்வி.

திரும்பி வந்தவர்களின் கொப்பிகளில் வேகம் முதலிடத்தில் இருக்கவில்லை. “பிள்ளை, கெதியாக உடைந்து என்ன பயன்? தோல் உரிந்தால் முளைக்காது” என்று ஒரு அம்மம்மா சொல்லியிருந்தார். விதைக்கு வேண்டியது முழுப்பருப்பு. செந்தோல் கிழியக் கூடாது. இரண்டாகப் பிளந்தது சட்டிக்குத்தான். உடைந்த பருப்பை வைத்திருந்தால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கச்சானில் வரும் பூஞ்சணம் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. வலி எங்கே என்று கேட்டதற்கு எல்லோரும் காட்டியது பெருவிரல் நுனியையும் நகக்கண்ணையும். முதுகு என்று எதிர்பார்த்துப் போன குழு ஏமாந்தது, “முதுகு நோகவில்லையா, மாமி?” என்று இரண்டாம் தரமும் கேட்டதாக நேர்மையாக எழுதியிருந்தது.

ஒரு கொப்பியில் மட்டும் இருந்த வரிதான் அந்த வாரத்தை ஆட்டிவைத்தது. கூலிக்கு உடைக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “மெஷின் வந்தால் என்னை யார் கூப்பிடுவார்கள், தம்பி?”

போருக்குப் பிறகு பெண்கள் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் வன்னியில் ஏராளம். பிள்ளைகளுக்கு இது புள்ளிவிபரமல்ல, பக்கத்து வீடு. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கச்சான் போடுபவருக்கு ஒரு நாளில் வேலை முடிய வேண்டும். உடைப்பவருக்குப் பல நாள் கூலி வேண்டும். வழக்கமான பாடநூல்களில் ‘பயனாளர்’ ஒருமையில் இருப்பார். இங்கே இருவர், அதுவும் எதிர் எதிராக. ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு குழுவும் தான் யாருக்காகச் செய்கிறது என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றார். இரண்டு குழுக்கள் தோட்டக்காரரைத் தெரிந்தன, இரண்டு குழுக்கள் உடைக்கும் பெண்களை. என் பார்வையில் இந்தத் தவணையின் மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவு அதுதான். ஒரு மரத்துண்டுகூட அறுக்கப்படவில்லை.

பெருவிரலோடு போட்டி

இணையத்தில் தேடினால் கச்சான் உடைக்கும் கருவி ஒரு நொடியில் கிடைக்கும். இந்தியாவில், அரைவட்டச் சல்லடைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டும் கைப்பிடிக் கருவி பழக்கமானது. இன்னொன்று, ஜொக் பிராண்டிஸ் என்பவர் ஆபிரிக்காவின் மாலியில் கண்ட தேவைக்காக 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய சீமெந்துக் கருவி. கூம்புக்குள் கூம்பு, இடைவெளி கீழே போகப் போக ஒடுங்கும், அச்சில் வார்க்கலாம், இரும்பு கொஞ்சந்தான், மணிக்கு ஏறத்தாழ 50 கிலோ உடைக்கும் என்பார்கள். அழகான யோசனை. அதனாலேயே அதை முதலில் காட்டக் கூடாது. 1991 இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், குறையுள்ள ஒரு மாதிரியைக் காட்டிவிட்டு வடிவமைக்கச் சொன்னால், தேர்ந்த பொறியியலாளர்கள்கூட அந்தக் குறையையும் சேர்த்துப் பிரதிசெய்வதைக் காட்டினார்கள். தரம் 10 மாணவர் எம்மாத்திரம்? எனவே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படம் வரைந்து முடித்த பிறகே அந்தக் கருவிகளின் படங்கள் காட்டப்பட்டன. சிலர் தங்கள் படத்தைப் போலவே உலகத்தில் ஒன்று இருப்பதைக் கண்டு துள்ளினார்கள். கண்டுபிடித்தவர் என்ற எண்ணம் போய்விடுமோ என்று பயந்திருந்தேன், போகவில்லை.

தெரிவு செய்வதற்கு ஸ்ரூவர்ட் பியூ என்ற பிரித்தானியப் பொறியியற் பேராசிரியரின் பெயரால் அழைக்கப்படும் அட்டவணை பயன்பட்டது. ஏற்கெனவே உள்ள ஒன்றை அடிப்படையாக வைத்து, புதிய யோசனை ஒவ்வொன்றும் அதைவிட நல்லதா, மோசமா, ஒன்றுபோலவா என்று சக, சய, சமன் குறி இடுவது. இங்கே அடிப்படை, அம்மம்மாவின் பெருவிரல். முழுப்பருப்பு, விலை, தூக்கிச் செல்லும் வசதி, பழுதாகும் வாய்ப்பு என எதில் பார்த்தாலும் பெருவிரல் வென்றது. வேகத்திலும் வலியிலும் மட்டும் தோற்றது. மாணவர்களின் முகம் விழுந்தது, ஆசிரியைக்குச் சந்தோஷம். மோட்டார் பூட்டும் யோசனைகள் அன்றோடு ஒதுங்கின.

மிஞ்சியவை நான்கு. சல்லடைக்கு மேல் பழைய ரயர் ஒட்டிய வளைபலகை. சைக்கிள் ரியூப் சுற்றிய இரண்டு மர உருளைகள். பாக்குவெட்டியைப் பார்த்துச் செய்த, வெட்டாமல் நெரிக்கும் கைக்கருவி. ஓர் ஆணி தடுப்பாக நின்று, குறிப்பிட்ட இடைவெளிக்கு மேல் வாயை மூடவிடாது. நான்காவது குழு இயந்திரமே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. அந்தக் குழுவின் தலைவி கணிதத்தில் கெட்டிக்காரி. விஞ்ஞானகூடத்து வேணியர் இடுக்கிமானியால் கச்சான்களின் தடிப்பை ஒவ்வொன்றாக அளந்து, எந்தத் தடிப்பில் எத்தனை என்று காட்டும் வலையுரு வரையம் போட்டாள். பருப்பின் தடிப்புக்கும் தனியாக ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தபோது, கோதுடன் உள்ள சிறிய கச்சானும் பெரிய கச்சானின் பருப்பும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் வந்து முட்டுவது தெரிந்தது. எந்த இடைவெளியை வைத்தாலும் ஒன்று உடையாமல் தப்பும், அல்லது இன்னொன்றின் பருப்பு நசியும். தரம் பிரிக்காமல் உடைக்கக் கூடாது. அவர்கள் செய்தது வெவ்வேறு துளையளவுள்ள மூன்று அரிதட்டுகள். வரையத்தைப் பாடநூலில் படித்த வகுப்பு, அது எதற்கு உதவும் என்று அன்றுதான் கண்டது.

பட்டறைக்குப் போவது தடுக்கப்படவில்லை. படம் மாணவருடையதாக இருக்க வேண்டும், யார் எதைச் செய்தார் என்று கொப்பியில் எழுத வேண்டும், அவ்வளவுதான். இதில் எதிர்பாராத பாடம் ஒன்று கிடைத்தது. உருளைக் குழு, இடைவெளி இத்தனை மில்லிமீற்றர் என்று குறித்த படத்தோடு போனது. பட்டறை ஐயா அங்குலத்திலும் நூலிலும் வேலை செய்பவர். “இது எத்தனை நூல், தம்பி?” ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். குழுவுக்குத் தேவைப்பட்டதோ ஒரு மில்லிமீற்றர் அளவிலான திருத்தம். நூலில் சொன்னால் பருப்பு நசியும். ஐயாவே வழி சொன்னார்: உருளையின் அச்சை நீள்துளையில் வைத்து மரையாணியால் இறுக்கினால் வேண்டியபடி நகர்த்தலாம். ‘யோசனை: பட்டறை ஐயா’ என்று கொப்பியில் எழுதப்பட்டது, புள்ளி குறையவில்லை.

ஒரு கிலோவும் நான்கு குவியலும்

சோதனை முறை எளியது. ஒரு கிலோ கச்சானை உடைத்து, முழுப்பருப்பு, தோல் கிழிந்தது, பிளந்தது, உடையாதது என்று நான்கு குவியலாக்கி, ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும். நேரத்தையும் குறிக்க வேண்டும். எல்லாமாகப் பருப்பு 700 கிராமுக்கு மிகக் குறைந்தால் எங்கோ சிந்தியிருக்கிறது என்று பொருள்.

முதல் சுற்றில் வளைபலகை ஒரு நாளில் அற்புதமாகவும் மறுநாள் படுமோசமாகவும் வேலை செய்தது. குழு இடைவெளியை மாற்றியது, ரயரை மாற்றியது, ஆட்டும் வேகத்தையும் மாற்றியது, எல்லாம் ஒரே நாளில். முன்னேற்றம் வந்தபோது எது காரணம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வடிவமைப்புக் கல்வி பற்றி 2012 இல் எழுதிய கிறிஸ்மண்ட், அடம்ஸ் இருவரும் புதியவர்களிடம் காணும் பழக்கங்களில் ஒன்றாக இதைத்தான் சொல்கிறார்கள். ஆசிரியை “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்” என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொல்லி வருவதல்ல அது. உண்மையான காரணத்தைப் பிடித்தவன், அதிகம் பேசாத ஒரு மாணவன். நல்ல முடிவு வந்த அன்று கச்சான் சாக்கு முற்றத்து வெயிலில் கிடந்தது. மோசமான அன்று களஞ்சிய அறையிலிருந்து நேரே வந்தது. காய்ந்த கோது நொறுங்கும், ஈரக்கோது வளையும். மிகையாகக் காய்ந்தாலோ பருப்பே பிளக்கும். அதன் பிறகு எல்லாக் குழுக்களும் ஒரே சாக்கிலிருந்து, ஒரே நாள் காய்ந்த கச்சானை எடுத்தன. முந்திய அட்டவணைகள் கிழிக்கப்படவில்லை. குறுக்கே கோடிட்டு, பக்கத்தில் காரணம் எழுதப்பட்டது. சோதனைக்கும் திருத்தத்துக்கும் உரிய 35 புள்ளியில் இந்தக் கோடுகளுக்குத்தான் பெரும்பங்கு.

அரிதட்டில் தரம் பிரித்த கச்சானைப் போட்டபோது மூன்று கருவிகளும் திருந்தின. வளைபலகை வேகத்தில் முதலாவது. ஆனால் பிளந்த பருப்பு கூட, விதைக்கு உதவாது, சட்டிக்கு நல்லது. உருளைகளில் கச்சான் வழுக்கியது. ரியூப் சுற்றியும் முழுதாகத் தீரவில்லை. கைக்கருவி மற்ற இரண்டையும்விட மிக மெதுவானது, பெருவிரலைவிடச் சற்றே வேகமானது, பருப்பை முழுதாகத் தந்தது.

பிறகு கருவிகள் அந்தப் பெண்களிடம் போயின. விளக்கம் சொல்லக் கூடாது, பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது கட்டளை. மாணவர்களுக்கு அதுதான் ஆகக் கடினமாக இருந்திருக்கும். ஒருவர் கைக்கருவியைத் தலைகீழாகப் பிடித்தார், அதுவே வசதியாகவும் இருந்தது. பிடியின் வளைவை அதற்கேற்ப மாற்றினார்கள். கூலி பற்றிக் கேட்டவர் வளைபலகையைத் தொட்டும் பார்க்கவில்லை. கைக்கருவியை மட்டும், “இதை நான் வைத்திருக்கலாமா?” என்று கேட்டார். பெண்கள் எல்லோருமே அரிதட்டை விரும்பினார்கள், கச்சானுக்கு மட்டுமல்ல.

கண்காட்சியில் கூட்டம் கூடியது உருளைகளைச் சுற்றித்தான். பச்சை வர்ணம் பூசி, கைப்பிடி பூட்டி, பார்வைக்கு அது இயந்திரமாக இருந்தது. வந்தவர்களின் கேள்வி: “இதற்கு மோட்டார் பூட்டலாமா?” அரிதட்டுகளைச் சுளகு வியாபாரம் என்று நினைத்துக் கடந்து போனவர்களும் உண்டு. புள்ளிப் பட்டியலில் முதலிடம் அரிதட்டுக் குழுவுக்கு. உருளைக் குழு இரண்டாவது. அவர்களின் கருவி கடைசி நாளிலும் வழுக்கியது, ஆனால் எந்தத் தடிப்பில், எந்த ஈரத்தில், எவ்வளவு வழுக்குகிறது என்பதை அவர்களைப்போல எழுதியவர் இல்லை. வளைபலகைக் குழுவுக்குக் கோபம். “எங்களுடையதுதானே ரீச்சர் நன்றாக உடைக்கிறது?” உடைக்கிறது. ஆனால் ஏன் என்று அவர்களின் கொப்பி சொல்லவில்லை.

மற்றப் பாடசாலைகளில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் சோதனை முடியாது. இரட்டைப் பாடவேளை இல்லாமல் தொடங்க வேண்டாம். கச்சானை இரண்டாம் தவணையிலேயே வாங்கி வைக்க வேண்டும், மழை நெருங்க நெருங்க விலை ஏறும், உடைப்பவர்களுக்கும் பேச நேரமிருக்காது. கோது தெறிக்கும், கண்ணாடி அணிய வேண்டும். கொப்பி திருத்துவது பொருளைப் பார்த்துப் புள்ளி போடுவதைவிடப் பன்மடங்கு வேலை. ஆசிரியை இரவுகளில் திருத்தினார், அதை மறைப்பதில் பயனில்லை. வாரம் ஒரு குழுவின் கொப்பியை வகுப்பிலேயே வாசிக்க வைத்தால் பாரம் குறையும் என்று இப்போது செய்து பார்க்கிறார். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் இன்னோர் ஆசிரியர் அதே கொப்பிக்கு அதே புள்ளியைப் போடுவாரா என்பது இன்னும் பார்க்கப்படவில்லை. இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட வேண்டும். அடுத்த தரம் 10 இக்குக் கொடுக்கப்படுவது உருளைக் குழுவின் கொப்பி. வழுக்கலிலிருந்து அவர்கள் தொடங்க வேண்டும்.